ஊடகமே இல்லாத வெற்றிடத்தில் மின்காந்த அலை எப்படிப் பரவுகிறது?

“மின்காந்த அலைகள் பரவ ஊடகம் தேவையில்லை” என்ற வரியைப் படித்துவிட்டு, ஏன் என்று எழுந்து கேட்டிருப்பீர்கள், உட்கார வைத்திருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அது ஒரு மதிப்பெண் விடை, அதற்கு மேல் பேச யாருக்கும் நேரமில்லை. அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்.

ஒலியில் காற்று ஆடுகிறது. ஒளியில் எந்தப் பொருளும் ஆடுவதில்லை. மின்புலமும் காந்தப்புலமும்தான் கூடிக் குறைகின்றன. புலம் என்பது மின்விசையோ காந்தவிசையோ எட்டும் வெளி, அது இருக்கப் பொருள் வேண்டாம். காந்தத்துக்கும் ஆணிக்கும் நடுவே உள்ள காற்றை உறிஞ்சிவிட்டாலும் ஈர்ப்பு நிற்காது. காந்தப்புலம் மாறினால் மின்புலம் தோன்றும் என்று 1831இல் ஃபாரடே கண்டார். மின்புலம் மாறினாலும் காந்தப்புலம் தோன்றும் என்று சேர்த்தவர் மாக்ஸ்வெல். இரண்டையும் சேர்த்தால் அலை தன்னாலேயே நகரும்.

“இரண்டுக்குமே மூலம் முடுக்கப்பட்ட மின்னூட்டம்தான், ஒன்று மற்றதை உண்டாக்குவதில்லை” என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். ஒளியைத் துகளாகப் பார்க்கும் ஃபோட்டான் விளக்கமும் தெரியும். கேட்டவர் பள்ளி மாணவர் போலத் தோன்றுவதால் இந்த அளவில் நிறுத்துகிறேன்.

ஒருமுறை கண்ணாடி ஜாடிக்குள் மின்சார மணியைத் தொங்கவிட்டு, விளிம்பில் வாசலின் தடவி, காற்றை வெளியேற்றிக் காட்டினேன். சுத்தி மணியை அடித்துக்கொண்டே இருந்தது, ஒலி மட்டும் தேய்ந்துகொண்டே போனது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “சத்தம் வரவில்லை, சரி. மணி எப்படி சார் தெரிகிறது?” என்றாள். என் பணிக்காலத்தில் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பதிலாகக் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினேன். வெற்றிடத்தின் விடுதிறன் (மின்புலத்துக்கான எண்) 8.854 × 10⁻¹², உட்புகுதிறன் (காந்தப்புலத்துக்கான எண்) 4π × 10⁻⁷. ஒன்று மின்தேக்கிக் கணக்கில் வருவது, மற்றது கம்பிச்சுருள் கணக்கில் வருவது. இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தலைகீழாக்கச் சொன்னேன். மடக்கை அட்டவணையைப் புரட்டி அவளே முதலில் முடித்தாள்: வினாடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர். ஒளியின் வேகம்! கணக்கில் ஒளி எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெற்றிடத்துக்கே இப்படி இரண்டு எண்கள் இருக்கும்போது, அலைக்கு வேறு துணை எதற்கு?

மாக்ஸ்வெல்லுக்கும் துப்பு கிடைத்தது இப்படித்தான். 1856இல் வேபரும் கோல்ராஷும் மின்னூட்டத்தை அளந்து பெற்ற எண், ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போவதைக் கண்டுகொண்டார். ஆனால் அவரே, வெளியெங்கும் நிறைந்து ஒளியைச் சுமப்பதாகக் கருதப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தை நம்பியவர். 1887இல் மைக்கேல்சனும் மோர்லியும் ஈதரில் பூமி நகர்வதற்கான அடையாளத்தைத் தேடினார்கள், எதிர்பார்த்தது தென்படவில்லை. அதே ஆண்டில் ஹெர்ட்ஸ் தம் ஆய்வகத்தில் மின்பொறியிலிருந்து மின்காந்த அலைகளையே உண்டாக்கத் தொடங்கினார். ஆகவே குழப்பம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஜாடியிலிருந்து காற்றை வெளியேற்றிய பம்புக்கு அடுத்த ஆண்டு ஒரு ரப்பர் குழாயும் எண்ணெயும் தேவைப்பட்டன. எழுதிக் கேட்டேன். ‘பயன்படுத்த இயலாதவை’ பட்டியலில் சேர்த்துப் பழைய பெஞ்சுகளோடு அறையில் பூட்டினார்கள். ஆய்வகத்துக்குக் காசில்லை, ஆண்டு விழாப் பந்தலுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். இப்போது அதே சோதனையைத் திரையில் அசைபடமாகக் காட்டுகிறார்கள். அதில் ஒலி சுத்தமாக நின்றுவிடுகிறது. நிஜத்தில் கம்பி வழியாகக் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். இதைச் சொன்னால் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள்.