'நல்லா இருக்கு' என்று மட்டும் எழுதினால் போதுமா?

அன்பின் ஐயா,

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இரவில் சூமில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கட்டுரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். 'நல்லா இருக்கு' என்று போட்டால் சந்தோஷப்படுகிறார்கள், ஆனால் அடுத்த கட்டுரையிலும் அதே பிழை. பிழையைச் சொன்னால் சிலர் வகுப்புக்கே வருவதில்லை. போன மாதம் ஒரு பிள்ளை குரூப்பை விட்டே போய்விட்டாள். எப்படித்தான் சொல்வது?

ஓர் ஆசிரியை

அன்பின் டீச்சருக்கு,

பிழையைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கரண்ட் இல்லாத இரவில் படித்தது தெரியாது. தன் எழுத்தின் நிலையை அவள் முதன்முதலில் பெறுபேற்றில் பார்க்கக் கூடாது, அவள்மேல் அக்கறை உள்ள ஒருவர் வாயால், திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

ஆனால் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் கருத்துச் சொல்வது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்தே போயிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின்மேல் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குப் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'நீ கெட்டிக்காரி', 'உனக்குக் கவனமே இல்லை' இரண்டுமே ஆளைப் பற்றியவைதான், இதை வைத்துக்கொண்டு அவள் அடுத்த பந்தியை எப்படி எழுதுவாள்?

தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் நான் இப்படி எழுதுவேன்: "முதல் இரண்டு பந்தியும் பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்தது போல இருக்கு. மூன்றாவதில் அம்மா மழையில் நின்று கொழுந்து நிறுக்கிற இடம் வருது, அங்கேதான் உங்கள் எழுத்து ஆரம்பிக்குது. அந்த இடத்தில் தொடங்கி மறுபடி எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்." இதில் பொய்ப் பாராட்டு இல்லை, பிழையையும் மறைக்கவில்லை. அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கு ஆதரவாகத் தெரியப்போவது அதுதான். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாவற்றையும் ஒரே தடவையில் சிவப்பால் வட்டம் போட்டு அனுப்ப வேண்டாம். அந்த வாரத்துக்கு எது முக்கியமோ அது ஒன்று போதும்.

புள்ளியையும் கருத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், கருத்து மட்டும் கிடைத்தவர்களே ஆர்வத்தோடு முன்னேறினார்கள், புள்ளியும் சேர்ந்து வந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளும் 48 என்ற எண்ணைப் பார்த்தால் கீழே உள்ளதை வாசிக்க மாட்டார்கள். திருத்தி எழுதிய பிறகு புள்ளி போடுங்கள்.

இன்னொன்று, இணையவழி வகுப்பில் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாது. கேமராவை மூடி வைத்தால் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், டேட்டா முடிந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். எழுத்தில் கடுமையாகத் தெரிவது குரலில் கனிவாகக் கேட்கும் என்பதால் வொய்ஸ் நோட் நல்ல வழிதான். ஆனால் பல வீடுகளில் ஃபோன் அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது, லயத்தில் நீங்கள் பேசுவது பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்கும் (அறைக்கும்) கேட்கும். வொய்ஸா, எழுத்தா என்று முதலில் பிள்ளையிடமே கேளுங்கள். குரூப்பில் யாருடைய கட்டுரையையும் வைத்துத் திருத்த வேண்டாம், அதில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.

குரூப்பை விட்டுப் போனவளுக்குத் தனியாக எழுதுங்கள். ஏன் போனாய் என்று கேட்க வேண்டாம். அவளுடைய பழைய கட்டுரையை எடுத்து, அதில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒரு வரியைச் சொல்லி, அதைத் தொடர்ந்து இன்னும் ஒரு பந்தி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆகலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் அவள் வகுப்புத் தோழி யாராவது மூலம் விசாரியுங்கள், ஒருவேளை ஃபோனே கையில் இல்லாமல் இருக்கும்.