கலங்கலுக்கு ஒரு தூண்டில், தெளிவுக்கு ஒரு தூண்டில்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் தாமிரபரணியில் லீவு நாளில் தூண்டில் போடுவேன். ஐப்பசியில் தண்ணீர் கலங்கி ஓடும்போது தக்கை ஓரிடத்தில் நிற்பதே இல்லை. பங்குனியில் தண்ணீர் தெளிந்துவிட்டால், மீன் இரைக்குக் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு பருவத்துக்கும் ஒரே தூண்டிலைக் கொண்டு போகிறீர்கள் போலிருக்கிறது. ஐப்பசிக்குத் தக்கையே வேண்டாம், கழற்றி வையுங்கள்.

கலங்கலில் மீனுக்குக் கண் உதவாது, மோப்பம்தான். அதனால் அப்போது கெளுத்தி நன்றாகக் கடிக்கும். அது மீசையால் தடவியே இரை தேடுகிற மீன். இரைக்கு மண்புழு போதும், நாலைந்தைக் கொத்தாகக் கோத்துவிடுங்கள். ஈயக்குண்டு தூண்டில் நரம்பில், அதாவது நைலான் இழையில், தாராளமாக ஓட வேண்டும். அது தூண்டில் முள்ளுக்கு இறங்கிவிடாமல் ஒரு சாண் மேலே ஒரு முடிச்சு. மீன் இழுக்கும்போது நரம்பு மட்டும் நகரும், குண்டின் கனம் அதற்குத் தெரியாது. நரம்பை ஆள்காட்டி விரலில் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் கடி விரலிலேயே தெரியும்.

எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். நடு ஆற்றில் வீசுவது வீண். இழுப்பில் மீனும் நிற்காது. கல்மண்டபத்துக்குப் பின்னால், பாறை மறைவில், நாணல் ஓரத்தில் தண்ணீர் சுழன்று அடங்கும் இடம் இருக்கும். அங்கே கரையோரமாகவே போடுங்கள். கெளுத்தி மாட்டினால் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். குத்தினால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

வெள்ளம் வடிந்து தண்ணீர் லேசாகப் பச்சை தட்டும் நாட்கள்தான் என் கணக்கில் மிக நல்லவை. தக்கையை மாட்டி, மாவு உருண்டையைக் கெண்டைக்குப் போடலாம்.

சரி, பங்குனிக்கு வருவோம். தெளிந்த தண்ணீரில் மீன் உங்களையும் பார்க்கிறது. நரம்பு மெல்லிசாக, முள் சின்னதாக, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. வெயில் ஏறுமுன் போய், உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி உட்காருங்கள். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். அதனால் தக்கை முங்கும்வரை காத்திருக்கக் கூடாது. நிமிர்ந்து நின்ற தண்டு படுத்தாலே சுண்டிவிட வேண்டும். பாசி மண்டிய கசத்தில், அதாவது ஆழமான மடுவில், விரால் இருந்தால், மூச்சுவாங்க மேலே வரும்போது காட்டிக்கொடுத்துவிடும். சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே திரிந்தால் அடியில் காவலுக்குத் தாய்தகப்பன் நிற்கும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரைதான். விட்டுவிடுங்கள்.

பாபநாசம் கோயில் படித்துறை மீன்களுக்குப் பொரி போடலாம், தூண்டில் கூடாது. முண்டந்துறைக் காட்டுக்குள்ளும் கூடாது. அப்புறம் ஒன்று: உங்கள் ஊரில் மழையே இல்லாவிட்டாலும் அணையில் திறந்தால் தண்ணீர் ஏறும். உட்காரும்போதே தண்ணீர் தொடும் கல் ஒன்றைப் பார்த்து வையுங்கள். அது முங்கினால் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு கரையேறிவிட வேண்டும், கடி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.