அப்பாவா, அக்காவா?

கேள்வி: எனக்கு 26 வயது. ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூரில், தங்குவது லேடீஸ் ஹாஸ்டலில். போன மாதம் கூட வேலை செய்கிற பெண் சூளகிரி அருகே வண்டியிலிருந்து விழுந்துவிட்டாள். ஐ.சி.யூ. வாசலில் அவள் அப்பாவும் தாய்மாமாவும் போட்ட சண்டையைப் பார்த்து பயந்துவிட்டேன். "எனக்கு அப்படி ஆனால் என்ன சிகிச்சை என்று அக்கா முடிவெடுக்கட்டும், எழுதி வைக்கப்போகிறேன்" என்று வீட்டில் சொன்னேன். "கல்யாணம் ஆகவேண்டிய பெண் பேசுகிற பேச்சா இது" என்று அம்மா அழுகிறார். அப்பா முகம் கொடுத்தே பேசுவதில்லை. நான் செய்தது தப்பா?

பதில்: தப்பே இல்லைம்மா. வேலைக்குச் சேர்ந்த அன்று பி.எஃப். படிவத்தில் நாமினி பெயர் எழுதியிருப்பீர்கள். அப்போது யாரும் அழுதிருக்க மாட்டார்கள். பணத்துக்கு ஆள் சொன்னால் பொறுப்பு, உடம்புக்கு ஆள் சொன்னால் அபசகுனம். நம் வீடுகள் அப்படித்தான்.

அம்மாவின் பயம் வேறாக இருக்கலாம். எழுதிக் கொடுத்தால் அடிபட்டு வருகிறவளுக்கு வைத்தியமே பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ. அப்படி இல்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த இந்த முன்கூட்டிய மருத்துவ உயில், இனி தேற வழியில்லை, நோயாளியாலும் பேச முடியாது என்ற நிலைக்கு மட்டும்தான். அப்போதும் முதலில் மூன்று டாக்டர்கள், பிறகு வேறு மூன்று டாக்டர்கள் பார்த்து, சிகிச்சையை நிறுத்தலாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பெயர் எழுதிய ஆளும் சம்மதிக்க வேண்டும். கால் எலும்புக்கு பிளேட் வைப்பதற்கெல்லாம் இந்தத் தாள் வெளியே வராது. அதற்கு முதலில் வேண்டியது, செல்போனைத் திறக்காமலே தெரிகிற மாதிரி அக்கா நம்பர். இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

முன்பு இதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலரும் எழுதவில்லை. 2023 ஜனவரியில் மாற்றிவிட்டார்கள். 18 வயது நிரம்பியிருந்தால் போதும். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து, முடிந்தது. மனசு மாறினால் எழுத்தில் ரத்தும் செய்யலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட உறவினர் பெயரையும் எழுதலாம். ஆனால் அப்பாவைச் சமாதானப்படுத்துவதற்காக அவர் பெயரையும் சேர்க்காதீர்கள். எந்தச் சண்டையைப் பார்த்து பயந்தீர்களோ, அதையே நோட்டரி முத்திரையோடு எழுதிவைத்த மாதிரி ஆகிவிடும். என் சித்தப்பா நினைவில்லாமல் கிடந்தபோது டாக்டர் வெளியே வந்து, "என்ன சொல்றீங்க?" என்றார். ஐந்து பேர் நின்றோம். ஐந்து பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். அவர்மேல் உயிரையே வைத்திருந்த சித்திக்கு வாயே வரவில்லை. பாசம் அதிகம் உள்ளவரைவிட, அந்த நேரத்தில் நிதானமாக நிற்கிறவர்தான் வேண்டும். அப்பாவிடம் இதையே சொல்லுங்கள்: "உங்களால தாங்க முடியாதுப்பா, அதான் அக்கா."

அது சரி, அக்கா என்ன சொன்னார்? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை. நோட்டரியெல்லாம் அப்புறம். இந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு வேண்டாம், நேராக அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறுங்கள். பேசும்போது அக்கா கணவரும் பக்கத்தில் இருக்கட்டும்.