கொடியிலிருந்து திரும்பிப் பார்ப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடி வருகிறேன். ஊருக்கு வெளியே பழைய தோட்டத்தில் இருக்கும் ஒன்பது குழித் திடலில்தான், ஞாயிறுதோறும் இரண்டு சுற்று. சிறுவயதில் நீங்கள் அங்கே ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கியதைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிறகே இந்தக் கடிதத்தை எழுதும் துணிவு வந்தது. டிரைவர் என்ற நீண்ட மட்டையில் 220 மீட்டர் வரை அடிக்கிறேன். ஆனாலும் 18 குழி முடியும்போது என் அடிக் கணக்கு 98க்குக் கீழே இறங்குவதில்லை. பல நாள் 100ஐத் தாண்டிவிடுகிறது. என்னோடு ஆடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 160 மீட்டருக்கு மேல் அடித்து நான் பார்த்ததில்லை. அவரோ 88, 89 என்று முடித்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கிறார். பயிற்சியாளரிடம் போனால் தோள், இடுப்பு, மணிக்கட்டு என்று அடிக்கும் முறையைத்தான் திருத்துகிறார். ஒரு குழியை எப்படி யோசித்து ஆடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் குழியும் ஏழாம் குழியும் வாரம் தவறாமல் என்னைக் கவிழ்க்கின்றன. இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர், குளுவாங்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடையின் பாதி அதிலேயே இருக்கிறது. நம் திடலின் பார், அதாவது ஒன்பது குழிக்கும் எடுக்க வேண்டிய அடிக் கணக்கு, 36. இரண்டு சுற்றுக்கு 72. ஒவ்வொரு குழியிலும் பாரை விட ஓர் அடி கூடுதலாக எடுத்து, அதாவது 18 குழியிலும் போகி போட்டு, ஒரு பார்கூட எடுக்காமல் திரும்பி வந்தாலும் கணக்கு 90தான். ஆசிரியர் 88 எடுக்கிறார் என்றால் அவர் செய்வது ஏறக்குறைய இதுவே: பதினாறு போகி, இரண்டு பார். உங்களுக்கு 98 வருகிறது என்றால் நடுநடுவே நல்ல நாலும் ஐந்தும் இருக்க, நான்கைந்து இடங்களில் ஏழும் எட்டும் ஏறியிருக்கின்றன. அந்த ஏழையும் எட்டையும் கணக்கு அட்டையிலிருந்து எடுத்துவிட்டால் உங்கள் கணக்கு தானாக இறங்கும். அதற்கு இன்னும் தூரமாக அடிக்கத் தேவையில்லை.

நான் பை தூக்கிய காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஞாயிறு பிற்பகலில் ஆடுவார். மலேசிய கோல்ஃப் வீரர்களான எம். ராமையா, பி. குணசேகரன் என்ற பெயர்களை நாளிதழில் தேடிப் படித்து மகிழ்ந்தவர்கள் நாங்கள். அவர்களைப் போல அடிக்க வேண்டும் என்பதுதான் பை தூக்கும் பையன்கள் எல்லாருக்கும் ஆசை. கிராணியாருக்கு அந்த ஆசை இல்லை. 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அவர் பையில் ஆறுதான் இருக்கும். ஒருநாள் முதல் குழியை முடித்துக் கொடியைக் கையில் பிடித்தபடி நின்றவர், என்னைக் கிரீனில், அதாவது குழியும் கொடியும் இருக்கும் குட்டைப் புல்தரையில், நிறுத்தி, ‘இங்கேயிருந்து டீயைத் திரும்பிப் பார்’ என்றார். டீ என்பது குழியின் முதல் அடியை அடிக்கும் இடம். பார்த்தேன். டீயில் நின்றபோது அகலமாகத் தெரிந்த ஃபேர்வே (நடுவே வெட்டி வைத்த புல்வழி), கொடியிலிருந்து பார்த்தபோது வேறாக இருந்தது. வலப்பக்கத்துப் பங்கர் (மணற்பள்ளம்) கிரீனின் வாயை மறித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மட்டும் கதவைத் திறந்து வைத்தாற்போல வெறும் புல். ‘எங்கிருந்து அடித்தால் உள்ளே வருவது சுலபமோ அந்த இடத்துக்கு முதலில் பந்தைக் கொண்டுபோக வேண்டும். அப்புறம்தான் எந்த மட்டை என்ற பேச்சு’ என்றார்.

எனக்கு அது புதிதாகவும் இருந்தது, பழகியதாகவும் இருந்தது. என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கத்தி ஆழம் போனால் மரத்தில் காயம் விழும். பட்டை மறுபடி வளர்ந்து வரும்போது அங்கே முண்டு கட்டிக்கொண்டு நிற்கும். அதில் பிறகு கத்தி ஓடாது. நாளைக்குக் கத்தி எங்கே ஓட வேண்டும் என்பதை மனதில் வைத்தே இன்றைக்கு வெட்டுவார். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்காக அடிக்கப்படுவது.

முதல் குழிக்கு வருவோம். 335 மீட்டர், பார் 4. வலப்பக்கம் நெடுக வெள்ளை முளைகள், அதற்கப்பால் செம்பனை. இடப்பக்கம் ஏறக்குறைய 190 மீட்டரில் மழைநீர்க் கால்வாய் வளைந்து உள்ளே வருகிறது. அங்கே சிவப்பு முளைகள். நீங்கள் 220 மீட்டர் அடிக்கும்போது பந்து போய் விழுவது இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான கழுத்தில்தான். 160 மீட்டரில் ஃபேர்வே அதைப்போல இரண்டு பங்கு அகலம். உங்கள் ஆசிரியரின் பந்து அங்கே விழுகிறது. அது அவருடைய வலுக்குறைவால் அல்ல, தேர்வால் என்றே நான் நினைக்கிறேன்.

அங்கிருந்து 175 மீட்டர் மீதி. ஏழாம் அயர்ன் என்ற இரும்பு மட்டையால் 135 மீட்டர் அடித்தால், கிரீனுக்கு இடப்பக்கம், திறந்த கதவின் முன்னால், 40 மீட்டரில் நிற்பீர்கள். ஒரு வெட்ஜ் (குட்டைத் தூரத்துக்குத் தூக்கி அடிப்பது), இரண்டு பட்டிங் (கிரீனில் உருட்டுவது), மொத்தம் 5. நீங்கள் ஆடுகிற முறையில் நான்கு வாரத்தில் மூன்று வாரம் 5ம் ஒரு வாரம் 8ம் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம், கூட்டினால் 23. அயர்னால் ஆடினால் நான்கு வாரத்துக்கு 20. ஒரே குழியில் மூன்று அடி மிச்சமாகிறது.

வெள்ளை முளையையும் சிவப்பு முளையையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்கு அப்பால் போனால் அடியும் போகும், தூரமும் போகும். டீக்குத் திரும்பி வந்து அடிப்பது மூன்றாவது அடி. சிவப்பில் விழுந்தால் ஓர் அடி தண்டனை மட்டுமே. பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல், கீழே விட்டு ஆடலாம். ஆகவே முதல் குழியில் தவறுவதானால் இடப்பக்கம் தவறுங்கள்; குறியை ஃபேர்வேயின் நடுவில் வைக்காமல் இடது பாதியில் வையுங்கள். பந்து செம்பனைக்குள் போனதோ என்று ஐயம் வந்தால், தற்காலிகப் பந்து அடிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்த பிறகே டீயை விட்டு நகர வேண்டும். 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு பந்தைத் தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். முன்பு ஐந்து இருந்தது. வெட்டிப் போட்ட காய்ந்த செம்பனை ஓலைகளுக்கு அடியில் மூன்று நிமிடத்தில் எந்தப் பந்தும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் குழியிலும் நான்காம் குழியிலும் சொல்வதற்கு அதிகம் இல்லை. மூன்றாவது பார் 5. 450 மீட்டர் என்றதும் எல்லாரும் டிரைவரை உருவுகிறார்கள். அது மூன்று முறை 150 மீட்டர், அவ்வளவுதான். ஐந்தாம் குழி பழைய புகைவீட்டை (ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்திய கட்டடம்) சுற்றி வலப்பக்கம் திரும்புகிறது. மூலையை மேலே தூக்கிக் கடக்க முயலாமல், திருப்பம் முழுதாகத் தெரியும் இடம் வரை நேராகப் போங்கள். ஆறாவது மேடு. மழை பெய்த மறுநாள் அங்கே கவ் கிராஸ் என்ற அகல இலைப் புல்லில் விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், உருளாது. வழக்கமாக எடுப்பதை விட ஒரு மட்டை பெரிதாக, கூடுதல் தூரம் போவதாக எடுங்கள். பந்து தன் வேகத்தில் மண்ணுக்குள் புதைந்திருந்தால் தண்டனை இல்லாமல் எடுத்து விடுவிக்க விதி அனுமதிக்கிறது. இது தெரியாமல் சேற்றோடு சேர்த்து அடித்துக்கொண்டிருப்பவர்கள் நம் திடலில் இன்னும் இருக்கிறார்கள்.

ஏழாம் குழியைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் நான் எழுதியிருப்பேன். 140 மீட்டர், பார் 3, நடுவே குளம். கிரீன் இடமிருந்து வலமாகச் சாய்வாகக் கிடக்கிறது. வலது மூலை தண்ணீரை ஒட்டியது, இடதுபக்கம் ஆழமும் அகலமும் உடையது. ஞாயிற்றுக்கிழமை கொடியை வலது மூலையில்தான் நடுகிறார்கள். கொடியைக் கண்டதும் உங்கள் கண்ணும் தோளும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன.

மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா திடலில் பன்னிரண்டாம் குழி 155 கெஜம், நம் ஏழாவதைப் போலவே முன்னால் ஓடை. 2019 மாஸ்டர்ஸ் இறுதி நாளில் முன்னணியில் இருந்த மோலினாரியின் பந்து அந்த ஓடையில் விழுந்தது. கெப்கா, போல்டர், ஃபினாவ் ஆகியோரின் பந்துகளும் அன்று அங்கேயே விழுந்தன. அதையெல்லாம் பார்த்த டைகர் வுட்ஸ், வலப்பக்கம் இருந்த கொடியை விட்டுவிட்டு, கிரீனின் இடது பகுதிக்கு அடித்தார். தூரத்திலிருந்து இரண்டு பட்டிங், பார். அந்தப் போட்டியை அவர் வென்றார். அந்த ஓர் அடியை மட்டும் நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று கணக்கில்லை. உலகத்தின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று, தேவைப்பட்ட நேரத்தில், கொடியைக் குறிவைக்க மறுத்தது. நாம் மட்டும் ஏன் வலது மூலைக்கு அடிக்கிறோம்?

ஏழாவதில் கொடி எங்கே இருந்தாலும் கிரீனின் நடுவுக்கு இடப்பக்கம் அடியுங்கள். 140 மீட்டருக்கு நீங்கள் வழக்கமாக எடுக்கும் மட்டையை விட ஒன்று பெரியதை எடுங்கள். நம்மைப் போன்றவர்களின் பந்து பெரும்பாலும் குறைவாகத்தான் விழும்; நீளமாகப் போவது அரிது. நடுவிலிருந்து கொடிக்கு ஒன்பது மீட்டர் இருக்கும். இரண்டு பட்டிங் என்றால் 3, மூன்று என்றால் 4. தண்ணீரில் விழுந்தால் தண்டனை அடியோடு மறுபடி அதே குளத்தைத் தாண்ட வேண்டும். 5க்குக் குறைந்து வெளியே வருவது கடினம். முதல் பட்டிங்கிலேயே உள்ளே தள்ள வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறத்தாழப் பாதி முறைதான் உள்ளே போடுகிறார்கள். 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழி அது. அருகில் கொண்டுபோய் நிறுத்தினாலே போதும்.

நம் கிரீன்களில் பழைய செராங்கூன் புல் இன்னும் இருக்கிறது. புல் ஒரு திசையில் சாய்ந்து வளரும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து தயங்கும். ஐயமாக இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். எந்தப் பக்கம் விளிம்பு நைந்து காய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் புல் வளர்கிறது. எல்லாப் பந்தும் லம்பாக் மலையை விட்டு விலகியே ஓடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழை பெய்யும்போது தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது அதை விடப் பயன் தரும்.

மழையைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். பிற்பகலில் லம்பாக் பக்கம் கருத்து இடி கேட்டால், யாரும் சங்கு ஊதும் வரை காத்திருக்க வேண்டாம். மின்னல் ஆபத்து இருப்பதாக நீங்கள் கருதினாலே ஆட்டத்தை நிறுத்த விதி உங்களுக்கு உரிமை தருகிறது. பந்து கிடந்த இடத்தைக் குறித்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். ஒற்றை மரத்தடியில் நிற்காதீர்கள்.

எட்டாவதை நீங்கள் நன்றாகவே ஆடுவீர்கள் என்று நம்புகிறேன். அங்கே தூரமும் அகலமும் இருக்கின்றன, டிரைவர் அங்கேதான் பயன்படும். ஒன்பதாவதில் கிரீனுக்கு முன்னால் மறுபடி கால்வாய். 1999இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில், பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், ழான் வான் டி வெல்டுக்கு நடந்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தார். 6 எடுத்தாலும் வென்றிருப்பார். முதல் அடி வலப்பக்கம் விலகிப் போனாலும் பந்து ஆடக்கூடிய இடத்திலேயே கிடந்தது. ஓடைக்கு முன்னால் வெட்ஜால் நிறுத்தியிருக்கலாம். அவர் இரண்டாம் அயர்னால் கிரீனுக்கே அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது, அடுத்தது ஓடையில். 7 எடுத்து, கூடுதல் ஆட்டத்துக்குப் போய்த் தோற்றார். முதல் அடியால் அவர் தோற்கவில்லை. அதன் பிறகும் பழைய திட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்ததால் தோற்றார். மரத்தடியில் பந்து கிடந்தால் பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேக்கு வந்துவிடுங்கள். முதல் குழியில் கொடியிலிருந்து பார்த்தீர்களே, அதேபோலப் பந்து இப்போது கிடக்கும் இடத்தைப் புது டீயாக வைத்து மறுபடி யோசியுங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வர முடியுமானால் நானும் வருகிறேன். ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் அயர்ன், ஒரு வெட்ஜ், பட்டர் மட்டும் போதும். கடந்த சில வாரத்து அட்டைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். ஆட்டம் தொடங்குமுன் ஏழும் எட்டும் எந்தெந்தக் குழிகளில் விழுந்திருக்கின்றன என்று வட்டம் போட்டுப் பார்ப்போம். அதன் பிறகு முதல் டீக்குப் போகாமல் முதல் கிரீனுக்கு நடந்து போய், கொடிப் பக்கம் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

அன்புடன்.