வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, சர்வீஸ் சென்டரும் அசையவில்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கார் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. வாரத்தில் ஒருநாளாவது காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்கிறது. "ஒரு கோளாறும் இல்லை சார்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். (திருச்சி)

பதில்: அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், பேட்டரியும் கொஞ்சம் சார்ஜ் ஏறியிருக்கும். காலையில் இருந்த கோளாறு அங்கே எப்படித் தெரியும்? முதல்நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் நீங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். அதை ஜாப் கார்டிலும் (வண்டியை விடும்போது உங்கள் புகாரைக் குறித்துக்கொள்ளும் தாள்) எழுதச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டுதான் இங்கே எல்லாமே. "ஸ்டார்ட்டிங் பிராப்ளம்" என்று சர்வீஸ் அட்வைசர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். விடாதீர்கள், என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். வெறும் டக் டக் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பேட்டரி, டெர்மினல் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப், சென்சார் என்று தேடல் வேறு பக்கம் போகும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் வண்டியை எடுக்க விடாத திருட்டுத் தடுப்புப் பூட்டு. ஆனால் இந்தக் காரணங்களை நீங்கள் சொல்லக் கூடாது, அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். "பேட்டரி வீக்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், பேட்டரியைச் சோதித்து 'ஓகே' போட்டு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டார்களே! அடுத்த முறை மக்கர் செய்யும்போது டேஷ்போர்டும் சத்தமும் பதிவாகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அட்வைசருக்கு அனுப்புங்கள். தேதியோடு பதிவாகிவிடும்.

கோளாறு கிடைக்காவிட்டாலும் ஜாப் கார்டு நகலும் பில்லும் வாங்காமல் கிளம்பாதீர்கள், பில் தொகை பூஜ்யமாக இருந்தாலும் சரி. வாரண்டி முடிந்தபிறகு இதே கோளாறு பெரிதாக வெடித்தால், இது வாரண்டிக்குள்ளேயே சொன்ன புகார் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. இன்னொன்று, டீலர் வேறு, கம்பெனி வேறு. வாரண்டியில் மாற்றும் பாகத்துக்கான பணத்தை டீலர் கம்பெனியிடமிருந்துதான் வாங்க வேண்டும். காரணம் நிரூபணமாகாமல் மாற்றினால் கம்பெனி கையை விரித்துவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்டு. அதனால் இரண்டு, மூன்று முறை அலைந்தும் தீராவிட்டால், ஜாப் கார்டு எண்களைக் குறிப்பிட்டுக் கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்பி, ஏரியா சர்வீஸ் மேனேஜர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கவுண்டரில் கத்துவதைவிட இது வேலை செய்யும்.

கேள்வி: புஷ் பட்டன் ஆட்டோமேட்டிக். திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை, பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டுமா? (கோவை)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்குவம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் இறுகிவிடும். கியர் பி-யில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பலமாக மிதித்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். அப்படியும் நடக்கவில்லையா? சாவிக்குள் இருக்கும் சின்னப் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல மாடல்களில் சாவியையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் வண்டி எடுக்கும்.

கேள்வி: ஒன்றரை வருடத்தில் பேட்டரி போய்விட்டது. "பேட்டரிக்கு எங்கள் வாரண்டி இல்லை, பேட்டரி கம்பெனியிடம் போங்கள்" என்கிறார் டீலர். நான் டேஷ்கேம் (டேஷ்போர்டு கேமரா) போட்டதுதான் காரணமாம். (மதுரை)

பதில்: முதல் பாதியில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். பேட்டரி, டயர் இரண்டுக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனியே தனியாக வாரண்டி தருவது வழக்கம். வாரண்டி புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இரண்டாவதை அளந்துதான் சொல்ல வேண்டும். வண்டியைப் பூட்டி வைத்தபிறகு, எல்லா மின்னணுப் பகுதிகளும் உறங்கப்போன நிலையில், பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டம் சுமார் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். டேஷ்கேமோ வேறெதுவோ 300 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒருநாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர் காலி. 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். டேஷ்கேமைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டி ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். கழற்றியபிறகும் அளவு குறையவில்லை என்றால் பழி உங்கள் மேல் இல்லை. அப்படியே இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு நல்லது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியில்லை என்றால் புதுப் பேட்டரியும் இதே கதிதான்.

கேள்வி: வெளி மெக்கானிக்கிடம் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சரிசெய்தேன். மொத்த வாரண்டியும் ரத்து என்கிறார்கள். (சேலம்)

பதில்: அந்த ஸ்டார்ட்டருக்கு இனி வாரண்டி கேட்பது கஷ்டம். ஏசிக்கும் ஸ்டியரிங்குக்கும் எதற்கு ரத்தாக வேண்டும்? உதிரிபாகச் சந்தை வழக்கில் 14 கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் போட்ட உத்தரவு, வெளியே வேலை பார்த்ததற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. மேல்முறையீடு, கோர்ட் என்று அந்த வழக்கு இழுத்துக்கொண்டு போனது. இருந்தாலும் எழுத்தில் காரணம் கேளுங்கள். வாயால் 'ரத்து' என்பவர்கள் எழுதித் தரச் சொன்னால் தயங்குவார்கள்.

கேள்வி: வண்டி சர்வீஸ் சென்டரில் ஒன்றரை மாதமாகக் கிடக்கிறது. "பாகம் வரவில்லை" என்ற ஒரே பதில். கேஸ் போடலாமா? (சென்னை)

பதில்: போடலாம். அதற்கு முன் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதியுங்கள். சில சமயம் அதிலேயே பாகம் வந்து இறங்கிவிடும். தீராவிட்டால் டீலர், கம்பெனி இருவருக்கும் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்மனுதாரராக டீலரை மட்டும் சேர்த்தால் அவர் கம்பெனியைக் கைகாட்டுவார், இருவரையும் சேருங்கள்.

கேள்வி: மழைத்தண்ணீர் பானட்வரை ஏறி வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு டீலரைக் கூப்பிடட்டுமா? (வேளச்சேரி)

பதில்: சாவியைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாலிசியோடு இன்ஜின் புரொடெக்ஷன் கவர் என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தராது. தண்ணீர் நின்ற உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், முடிந்தால் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி டோ வண்டி வரவழையுங்கள். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன்பு இன்ஜினைப் பிரிக்க டீலருக்குச் சம்மதம் தராதீர்கள்.