ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகுதான்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு கல் சந்தையில் ஓவாய்ஹி ஜாஸ்பர் என்ற அலங்காரக் கல்லின் ஸ்லாப் (வெட்டிய பலகை) ஒன்று வாங்கி, சாணைச் சக்கரத்தில் 80, 220, 600, 1200, 3000 கிரிட் (எண் கூடக்கூடத் துகள் நைசாகும்) என்று வரிசையாகத் தேய்த்து, கடைசியில் பளபளப்புப் பவுடரான செரியம் ஆக்சைடும் போட்டேன். ஈரமாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னுகிறது, காய்ந்ததும் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. பவுடர் போலியா?

பதில்: பாவம், பவுடர் என்ன செய்யும்! அந்தக் கீறல் கடைசியில் வந்ததல்ல, 80-லோ 220-லோ விழுந்து உங்களோடு கடைசிவரை கூடவே வந்தது. ஒவ்வொரு கிரிட்டும் அதற்கு முந்தைய கிரிட்டின் கீறலைத்தான் அழிக்கும். 80 போட்ட பள்ளத்தை 3000-ஐ வைத்து நாள் முழுக்கத் தேய்த்தாலும் எடுக்க முடியாது, பள்ளத்தின் ஓரம்தான் பளபளக்கும். தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பி மறைத்துவிடுவதால், ஈரத்தில் பார்த்து "ஆச்சு, அடுத்தது" என்று நகர்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஏமாந்தேன்.

இனி ஒவ்வொரு கட்டத்திலும் கல்லை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இன்னொரு வழி, கல்லின் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டுத் தேய்ப்பது. மை தங்கியிருக்கும் இடம் இன்னும் சக்கரத்தில் படாத இடம். 220-லும் 600-லும் எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை, அதற்கப்புறம் வேலை சீக்கிரம் முடியும். கிரிட் மாற்றும்போது கல்லையும் கையையும் கழுவுங்கள், நகத்துக்குள் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு 80 துகள் போதும், எல்லாம் பாழ்.

கீறல் இல்லாமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குண்டும் குழியுமாக இருந்தால் விஷயம் வேறு. ஜாஸ்பரில் குவார்ட்ஸோடு களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் கலந்திருக்கும், மென்மையான இடம் முதலில் தேய்ந்து குழியாகும். அதற்கு அழுத்தத்தைக் குறையுங்கள், தேய்ந்துபோன சக்கரத்தை மாற்றுங்கள்.

கேள்வி: பிக்ஸ் ஜாஸ்பர் முழுக்கல் ஒன்று ஆன்லைனில் வரவழைத்திருக்கிறேன். எந்தப் பக்கமாக வெட்டினால், அந்தக் கல்லில் ஓவியம் மாதிரி தெரியும் மலைத்தொடர் காட்சி கிடைக்கும்? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: இதை வெட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆரிகனில் கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிற பிக்ஸ் ஜங்ஷன் என்ற இடத்தின் பெயர்தான் அந்தக் கல்லுக்கு. கல்லை நனைத்துச் சுற்றிலும் பாருங்கள், பழுப்புப் பட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று தெரியும். அவற்றுக்குக் குறுக்கே வெட்டினால் அடிவானமும் மலை விளிம்புகளும் வரும். பட்டை ஓடும் திசையிலேயே வெட்டினால் வெறும் கறை. நான் ஒருமுறை அவசரப்பட்டு இரண்டாவது வகையில் ஆறு ஸ்லாப் போட்டேன், ஆறும் டீ சிந்திய மேசைவிரிப்பு மாதிரி இருந்தன.

முதலில் ஒரு ஓரத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள், பிடிக்காவிட்டால் கல்லைத் திருப்பிக் கவ்விக்கொள்ளலாம். கழுத்துச் சங்கிலி டாலரில் வைக்கும் குவிமுகக் கல்லுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் கனம் போதும். வெட்டிய ஸ்லாப்பை நனைத்துத் துடைத்துவிட்டுக் காய்வதைக் கவனியுங்கள், மற்ற இடம் காய்ந்தபிறகும் ஒரு கோடு மட்டும் கருப்பாக நின்றால் அது விரிசல். அதைத் தவிர்த்து வடிவம் வரையுங்கள். கல்லில் செடி மாதிரி தெரிந்தால் புதைபடிவம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு படர்ந்த கோலம்தான்.

கேள்வி: ஜாஸ்பருக்குத் தமிழில் பெயர் உண்டா?

பதில்: பழைய தமிழ் பைபிளில் ஆசாரியரின் மார்ப்பதக்கத்து நாலாம் வரிசையில் "யஸ்பி" என்று வருகிறது. கடையில் போய் யஸ்பி என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் புரியாது. ஜாஸ்பர் என்றே சொல்லுங்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகளில் ஜாஸ்பரும் உண்டு, அந்தக் காலத்து மக்கள் அதை என்னவென்று அழைத்தார்களோ!

கேள்வி: சென்னையில் அபார்ட்மெண்ட். பால்கனியில் ஆங்கிள் கிரைண்டரை வைத்து வெட்டலாமா? மாஸ்க் போட்டுக்கொள்வேன்.

பதில்: வேண்டாம். ஜாஸ்பர் பெரும்பகுதி சிலிக்கா, உலர்வாக வெட்டினால் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வரும், வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்ற, ஜாஸ்பர் மாதிரியே சிலிக்கா நிறைந்த கல்லைச் சாணை பிடிக்கும் குடும்பங்களை இந்த நோய் எப்படி அழித்தது என்பது பதிவான செய்தி. பால்கனி என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதே தூசிதான். கிரைண்டர் மேல் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று யோசிக்கவும் யோசிக்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

தண்ணீர்த் தட்டோடு வரும் சின்ன டைல் கட்டர் மேசை இருக்கிறது, அதில் பல் இல்லாத, விளிம்பு முழுதும் தொடர்ச்சியான வைர பிளேடைப் போடுங்கள். மெதுவாகத்தான் வெட்டும், தள்ளாதீர்கள். வெட்டுவது மந்தமானால் ஒரு செங்கல் துண்டில் நாலைந்து முறை ஓட்டினால் வைரம் மறுபடி வெளியே வரும். மாஸ்க் அப்போதும் இருக்கட்டும், சாரல் பறக்கும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்காதீர்கள். தட்டில் தேங்கும் சேற்றை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், ஒரு பழைய வாளியில் தெளியவிட்டு மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருப்பதை ஈரம் காய்வதற்குள் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.