டில்லி சுற்றுலா: சனிக்கிழமை ரயிலேறுங்கள்

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் வழி யு.பி. (உயர் தொடக்க) பள்ளி எங்களுடையது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை டில்லிக்கு அழைத்துப்போக பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) முடிவு செய்திருக்கிறது. ஆசிரியர்கள் ஐந்து பேர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் காலண்டரை எடுங்கள். டில்லியில் திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாமே மூடியிருக்கும். இது தெரியாமல் திட்டம் போட்டால் ஒரு முழு நாள் வீண். அதனால் அந்தத் திங்களைப் பயணத்திலேயே கழித்துவிடுங்கள்.

பாலக்காடு ஜங்ஷனில் கேரளா எக்ஸ்பிரஸ் (12625) தினமும் உண்டு. சனிக்கிழமை மாலை ஏறினால் இரண்டு இரவு கழித்து திங்கள் பிற்பகல் புது டில்லி. குளித்து, சாப்பிட்டு, மாலையில் இந்தியா கேட்டும் தேசியப் போர் நினைவிடமும் பார்க்கலாம். அவை திங்களிலும் திறந்திருக்கும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் முழுதாக உங்கள் கையில். வியாழன் இரவு திரும்பும் ரயிலில் ஏறினால் சனிக்கிழமை ஊர். பள்ளி வேலை நாள் ஐந்துதான் போகும். ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கும்போது இந்தக் கணக்கு உதவும். அந்த அனுமதி கைக்கு வராமல் பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள்.

மாதம் எது? தசரா முடிந்து தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் நல்லவை. தீபாவளிக்குப் பிறகு நவம்பர் முழுக்கப் புகைமூட்டம். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகலாமே என்று பி.டி.ஏ.வில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வடக்கே மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். பாலக்காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைகளிடம் ஸ்வெட்டரும் இருக்காது. ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டிச் செங்கோட்டையையும் சில நாட்கள் மூடிவிடுவார்கள். பிப்ரவரி அருமையான மாதம், ஆனால் ஏழாம் வகுப்புக்கான யு.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டிக்கெட். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் (2024 நவம்பருக்கு முன் 120 நாள், பழைய நினைப்பில் இருந்துவிடாதீர்கள்). ஒரு பி.என்.ஆரில் ஆறு பேருக்குத்தான் இடம். 45 பேருக்கு எட்டு டிக்கெட் தனித்தனியாக எடுத்தால் பிள்ளைகள் நாலு பெட்டியில் சிதறிப்போவார்கள். குழு முன்பதிவுக்கு, ஹெச்.எம். கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள கடிதம், பெயர், வயது, ஆண்/பெண் பட்டியலுடன் ஒலவக்கோட்டில் உள்ள பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் வணிகப் பிரிவை முன்கூட்டியே அணுகுங்கள். ஒரே பெட்டி வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்பதிவு ஐந்து நாள் கழித்துத்தான் திறக்கும். அன்றைக்கும் ஒருவர் கவுன்டரில் நிற்கவேண்டும்.

மாணவர் சலுகை இன்னும் இருக்கிறது. 2020இல் முதியோர் சலுகை நின்றபோதும் இது நிற்கவில்லை. கல்விச் சுற்றுலாவுக்கு ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணத்தில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 75 சதவீதம். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் முழுதாகக் கட்டவேண்டும். ஏ.சி. பெட்டிக்குச் சலுகை கிடையாது. சலுகைப் படிவத்தை நிரப்பி கவுன்டரில்தான் எடுக்க முடியும்.

பெயர் விஷயத்தில் நம் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. வீட்டில் தமிழில் வைத்த பெயர், மலையாளத்தில் ஒரு விதமாக, ஆதாரில் ஆங்கிலத்தில் வேறு விதமாக இருக்கும். இனிஷியல் முன்னால் போகும், பின்னால் போகும். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஆன்லைனில் பதியும்போதும் ரயில் பட்டியலிலும் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் வாசலில் மல்லுக்கட்டவேண்டி வரும்.

நாடாளுமன்றம் பார்க்க எம்.பி.யின் கடிதம் வேண்டும். சித்தூர் சட்டமன்றத் தொகுதி ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது; பாலக்காடு எம்.பி. அலுவலகத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். 2023 மே மாதம் திறந்த புதிய கட்டடத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. எல்லாருடையதையும் பேருந்திலேயே பூட்டிவிட்டு வாருங்கள்.

செவ்வாய் காலை செங்கோட்டை, பிறகு ராஜ்காட், காந்தி ஸ்மிருதி. புதன், அனுமதி கிடைத்த நேரத்தைப் பொறுத்து மாளிகையும் நாடாளுமன்றமும். வியாழன் குதுப்மினார், ரயில் அருங்காட்சியகம். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குள் நுழைவு இலவசம். வயதுக்குச் சான்றாகப் பள்ளி அடையாள அட்டை கழுத்தில் இருக்கட்டும். மெட்ரோவில் ஒரே ஒரு தடவை, கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஏற்றிக் காட்டுங்கள். மற்றதற்கெல்லாம் வாடகைப் பேருந்துதான். மெட்ரோ கதவு மூடும்போது பாதிப் பிள்ளைகள் பிளாட்பாரத்தில் நிற்பது நடக்கிற காரியம். ஆக்ரா வேண்டாம் என்பதே என் கருத்து. போக வர ஏறக்குறைய எட்டு மணி நேரம் சாலையிலேயே போய்விடும், இரவுப் பயணமும் சேர்ந்துகொள்ளும்.

தங்குவதற்கு, டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டாலும், அங்குள்ள பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேச வாய்ப்புக் கேளுங்கள்.

ரயிலில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். அப்படிப் பிரித்தால் ஐந்து குழு சரியாக வரும். ஆசிரியர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கவேண்டும். கதவுப் பக்கத்துப் படுக்கைகளில் பெரியவர்கள். நாக்பூரிலோ போபாலிலோ பிள்ளைகள் யாரும் இறங்கக்கூடாது, தண்ணீர் வாங்கக்கூட. எண்ணும்போது பெயர் கூப்பிடாமல் ஒன்று, இரண்டு என்று எண் சொல்லச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் முடியும். முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் புளிசாதமும், பொடி தடவிய இட்லியும் தாங்கும். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். வழியில் வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் இந்த மிச்சச் சாப்பாட்டால்தான்.

மருந்துப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ்., காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரையுடன் நாப்கின்னும் இருக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளில் யாருக்காவது பயணத்திலேயே முதல் தடவை வரக்கூடும். ஒவ்வாமை, தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஆகியவற்றைப் பெற்றோர் எழுதிக் கையெழுத்திடும் தாளை, மலையாளத்தில் அல்ல, தமிழிலேயே அச்சடியுங்கள்.